முன்பிருந்த வரி

மாலை வெயில் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து கிடக்கிறது. மேற்படிப்புக்கான கட்டுரையை நர்ஸ் எழுதி முடித்துவிட்டாள். பாடப்புத்தகம் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. அவளுடைய சீருடையை இஸ்திரி போட்டு முடித்த கணவன், கட்டுரையை எடுத்து ஒரு வரியை உரக்கப் படிக்கிறான். “காயம் தன் விளிம்புகளிலிருந்து மையம் நோக்கிக் குணமடைகிறது. எவ்வளவு அழகா எழுதியிருக்க.” அவள் முழங்கை தானாக நகர்ந்து புத்தகத்தை மறைக்கிறது. புத்தகத்தில் ‘ஓரங்கள்’ என்றிருந்ததை ‘விளிம்புகள்’ ஆக்கியதுதான் அவள் செய்த ஒரே வேலை. காது சுடுகிறது. புத்தகத்தை மூடுகிறாள். கட்டுரையை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, நேற்றுக் கட்டு மாற்றிய ஒரு முழங்காலை நினைத்து எழுதுகிறாள்: “புதுத்தோல் ஓரத்திலிருந்து வளர்ந்து வரும், நடுவில்தான் கடைசிவரை ஈரம் நிற்கும்.” அடியில், கருத்தை எடுத்த புத்தகத்தின் பெயரையும் சேர்க்கிறாள். கணவன் எட்டிப் பார்க்கிறான். “முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சே.” அது தன்னுடையது இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மடித்து வைத்த சீருடையைத் தொடுகிறாள். இன்னும் சூடு ஆறவில்லை.