பூசணிப்பூவின் நடுவே

பிறவியிலேயே பார்வையில்லாத யாழிசைக்கு ஏழு வயதில் செயற்கைக் கண்கள் பொருத்தினார்கள். பூசணிப்பூவின் நடுவில், வேறு யார் கண்ணுக்கும் படாத ஒரு நிறம் அவளுக்குத் தெரிந்தது. வகுப்பில் சொன்னபோது "பொய்க்காரி" என்றார்கள். அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு, "மஞ்சளாத்தாண்டி இருக்கு" என்றாள். அதன் பிறகு பள்ளியில் அவள் தனியாகவே உட்கார்ந்தாள்.

"அந்த நிறம் மட்டும் தெரியாம பண்ணிடலாம்" என்றார் குழந்தைகள் கண் மருத்துவர் ரெஹானா. "ஆனா மறுபடி வராது. பரவாயில்லையா கண்ணு?"

"பண்ணிடுங்க டாக்டர். எல்லாருக்கும் தெரியறது போதும்."

மறுநாள் காலை மாடித் தொட்டியில் பூசணி பூத்திருந்தது. முழுக்க மஞ்சள். யாழிசை வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தேனீ பறந்து வந்து, நேராகப் பூவின் நடுவில் இறங்கியது.

"உனக்கு இன்னும் தெரியுதுல்ல?" என்று அதனிடம் கேட்டாள்.