கணக்கில் ஒருவர் கூடுதல்

பறவைக் கணக்கெடுப்பு முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. இதயத்துடிப்பை வைத்து உயிர்களை எண்ணும் கேமராவால் செழியன் சதுப்பு நிலத்தைப் படமெடுத்தான். நீர்மட்டம் காட்ட அவன் மனைவி வளர்மதி அளவுகோலுடன் நாணலோரம் நின்றாள்.

திரையில் எழுத்து வந்தது. நெடுங்கால் உள்ளான் இரண்டு. முட்டைக்குள் குஞ்சு நான்கு. மனிதர் இருவர்.

"நீ ஒருத்திதானே நிக்கிறே? பின்னாடி எவன் ஒளிஞ்சிருக்கான்?"

"யாருமில்லீங்க."

மறுபடி எடுத்தான். அதே இருவர்.

"கேமரா கெட்டுப்போச்சு. இன்னைக்கு எடுத்ததையெல்லாம் அழிக்க வேண்டியதுதான்."

"இருங்க. அந்த ரெண்டாவது ஆளுக்குத் துடிப்பு எவ்வளவு?"

"நிமிஷத்துக்கு நூத்தறுபது. மனுசனுக்கு இப்படியா ஓடும்?"

வளர்மதி அளவுகோலைச் சேற்றில் ஊன்றினாள்.

"சரியாத்தான் ஓடுது. அழிக்காதீங்க. போன தடவை மாதிரி கலைஞ்சிடுமோன்னு சொல்லாம இருந்தேன். எனக்கு மூணு மாசம்."