ஆறு மணி தாண்டட்டும்

ஆறு மணியாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. என் மேஜைக் கணினியில் ஒரு பொத்தான் எனக்காகக் காத்திருந்தது. அதை அழுத்தாமல் இருக்க இதைவிட நல்ல இடம் தோன்றவில்லை.

எங்களுடையது ஹவுராவில் லிஃப்ட் பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை. ஒவ்வொரு பாகத்தின் வரைபடமும் தவணை வந்ததும் யாராவது ஒருவர் பெயருக்கு ரிவ்யூவுக்கு வந்து நிற்கும். இந்த வரைபடப்படிதான் செய்கிறீர்களா, இன்னமும் இது சரிதானா என்று சாஃப்ட்வேர் கேட்கும். 'மாற்றம் தேவையில்லை' என்று அழுத்தினால் பாகம் கேட்டைத் தாண்டும்.

இன்று என் தலையில் விழுந்தது பிரேக் லீவர். லிஃப்ட் சறுக்கிப் போய்விடாமல் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கை.

மலிவாகக் கிடைக்கிறதென்று முதலாளி இரும்பை மாற்றியிருந்தார். போன வாரம் சோதனையில் புது லீவர்களில் மயிரிழை விரிசல் தெரிந்தது. நானும் பார்த்தேன், மேனேஜர் முத்துகிருஷ்ணனும் பார்த்தார். துர்கா பூஜை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சரக்கு ஏற்றப்போகிற லாரி காலையிலிருந்தே வாசலில் நின்றது.

'மாற்றம் தேவை' என்றும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், அழுத்தியவர் பெயரோடு நேராக முதலாளிக்குப் போகும். முன்பு ஒரு தடவை அழுத்திய தத்தா பாபு இப்போது வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

மதியம் முத்துகிருஷ்ணன் என் மேஜைக்கு வந்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "ஆறு மணிக்குள்ள அழுத்திடு மஹிமா. தாண்டிச்சுன்னா பூட்டிக்கும். அப்புறம் யார் அப்பன் வந்தாலும் திறக்க முடியாது."

உண்மைதான். யாரும் எதையும் அழுத்தாமல் தேதி தாண்டினால் பாகம் தானாகப் பூட்டிக்கொள்ளும். பில் போட முடியாது, கேட் பாஸ் வராது. வெளியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சோதித்துப் பார்த்தால்தான் திறக்கும். வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை அது. முதலாளி தலைகீழாக நின்றாலும் நடக்காது.

எங்கள் ஆபீசில் மறந்துபோனவர்களுக்குத் திட்டு விழும். மாட்டேன் என்றவர்களுக்குத்தான் சீட்டு கிழியும். அதனால் மறந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொசு பிடுங்கியது. பக்கத்துப் பந்தலில் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மா நினைவு வந்தது. டாலிகஞ்சில் ஏழாவது மாடி எங்களுக்கு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் லிஃப்டில்தான் இறங்குவாள். யார் வீட்டு அம்மாவோ இந்த லீவரை நம்பி இறங்கப்போகிறாள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

போன் அதிர்ந்தது. முத்துதா என்று காட்டியது. அண்ணன் என்பதற்கு இங்கே எல்லோர் பெயருக்குப் பின்னாலும் ஒரு 'தா' ஒட்டிக்கொள்ளும், மேனேஜரும் தப்பவில்லை. இத்தனை வருடச் சர்வீஸில் முதலாளியிடம் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லாத மனிதர். நான் எடுக்கவில்லை.

கதவுக்கு வெளியே அவர் குரல் வந்தது. "எங்க போய்த் தொலைஞ்சா இந்தப் பொண்ணு?"

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கான்டீனில் தேடினார். ஸ்டோரில் தேடினார். மொட்டை மாடிக்குக்கூடப் போய் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். இந்தக் கதவை மட்டும் தட்டவில்லை.

ஆறு தாண்டியது. போனில் செய்தி வந்து விழுந்தது. பிரேக் லீவர் பூட்டப்பட்டது.

அழுதுவிட்டேன். நிம்மதியில் வந்த அழுகை, நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்து, மதியம் தெருவோர வண்டியில் தின்ற ஃபுச்கா ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கொல்கத்தாவில் இந்தப் பொய்யை நம்பாதவர் கிடையாது.

முத்துதா எல்லோர் முன்னாலும் குதித்தார். பொறுப்பில்லை, அக்கறையில்லை, பூஜை வந்தால் இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தலைகால் புரிவதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜன்னல் வழியே காலி லாரி திரும்பிப் போவது தெரிந்தது. அவர் திட்டியதெல்லாம் வெயிலில் வந்தவளுக்குக் கொடுத்த மோர் மாதிரி இறங்கியது.

வீட்டுக்குப் போக ஆற்றைத் தாண்ட லாஞ்சில் ஏறினால், அங்கேயும் அவர். கம்பியோரமாக நின்று போனில் முதலாளியிடம் என்னைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பேச்சை நிறுத்தாமலே, கையிலிருந்த ஜால்முரி காரப்பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

ஒரு வாய் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஒரு வரைபடம் ரிவ்யூவுக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. போன பூஜைக்கு முன்னால், புதுச் செருப்பு கடித்த காலோடு உட்கார்ந்து, இதே பிரேக் லீவருக்கு 'மாற்றம் தேவையில்லை' அழுத்தியது நான்தான். அப்போது பழைய இரும்பு, விரிசல் இல்லை. இனி அது அடுத்த வருடம்தான் வர வேண்டும். இன்றைக்கு வராமல் இருந்திருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள், சரக்கு பேசாமல் லாரி ஏறியிருக்கும்.

தேதியை மாற்றிவைக்கும் உரிமை ஆபீசில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

"முத்துதா, இந்த லீவர் அடுத்த வருஷம்தானே ரிவ்யூவுக்கு வரணும்?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா. முதலாளி லைன்ல இருக்கார்."