பதினாறு இஞ்ச் ஆசை

“வேகம் காட்டற முள்ளு மாறக் கூடாதுன்னுதானுங்க எல்லாரும் கேப்பாங்க,” என்றார் டயர் கடைக்காரர் சென்னியப்பன்.

அவன் கேட்டது, மாற வேண்டும் என்று.

கடை வாசலில் கார் நான்கு சக்கரங்களும் கழன்று நின்றது. பக்கத்தில் பளபளவென்று நான்கு அலாய் வீல். பழையது பதினைந்து இஞ்ச். இது பதினாறு.

ஆசைப்பட்டு வாங்கியவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஓட்டுகிறவள் அவன் மனைவி சுகந்தி. எதிர் டீக்கடை நிழலில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே கேட்டுவிட்டாள்.

“விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க அலாய் வீலு?”

“வீல் மாத்துனா நல்ல விலைக்குப் போகும்.”

பொய் அவனுக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும். நல்லவேளை, அவள் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் பொறுமையாகத்தான் சொன்னார். ரிம் பெரிதானால் ரப்பரின் உயரம் குறைய வேண்டும். அப்போதுதான் மொத்தச் சக்கரம் பழைய உயரத்திலேயே இருக்கும். வேகம் காட்டும் முள்ளும் ஒழுங்காகக் காட்டும். அதற்கு, பக்கவாட்டில் ஐம்பத்தைந்து என்று எண் போட்ட டயர்.

“அறுபதுன்னு எண் போட்ட டயரை மாட்டுனா?”

“சக்கரம் கொஞ்சம் ஒசரமாயிரும். வண்டி போறதைவிட முள்ளு கம்மியாக் காட்டும்ங்க.”

“எவ்வளவு?”

“அறுபத்தொண்ணுல போனா அம்பத்தொம்போதுன்னு காட்டும்.”

அது போதும் அவனுக்கு.

போன வருஷம் பைபாஸில் ஒரு பையன் பைக்கோடு குறுக்கே வந்து விழுந்தான். கால் எலும்பு முறிந்தது. தேறிவிட்டான். தீபாவளிக்கு வீடு தேடி வந்து, தப்பு என் மேலதானுங்க அக்கா என்று சொல்லி, மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனான்.

சுகந்திக்கு அது போதவில்லை. பிரேக்கை மிதிக்கும் முன் அவள் கடைசியாகப் பார்த்தது முள்ளைத்தான். அறுபதில் இருந்தது.

அன்றிலிருந்து முள் ஐம்பத்தொன்பதைத் தாண்டப் பார்த்தாலே கால் தானாக எழுந்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனாலேயே திட்டுவான். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நகராது. வீட்டுக்கு வந்த பிறகும் விரல்கள் மடங்கியே இருக்கும்.

முன்பெல்லாம் அப்படியா? பக்கத்தில் அவன் தூங்கி வழிந்தால் இடது கை சும்மா இருக்காது. தொடையில் ஒரு கிள்ளு. “நானென்ன வாடகை டிரைவரா? பேசிட்டு வாங்க.” எத்தனை ஊருக்குக் கிள்ளு வாங்கிக்கொண்டே போயிருக்கிறான்.

போன வாரம், வண்டியை விற்றுவிடலாம் என்றாள். அவளே சம்பாதித்து வாங்கிய வண்டி. சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனவள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் கேட்காது என்று நினைப்பு.

அறுபதைத் தாண்டினால் ஒன்றும் ஆகாது என்று அவனும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். அவளுக்கே தெரியாமல் ஒரு தடவை தாண்டட்டும். தாண்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். பழைய சக்கரத்தில் முள் சரியாகத்தான் காட்டியது. போன் காட்டிய வேகத்தோடு ஒத்துப் பார்த்திருந்தான்.

“அறுபது டயரே போடுங்க. ஒண்ணும் ஆபத்தில்லையே?”

சென்னியப்பன் ஒரு சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, குனிந்து பார்த்தார்.

“எங்கியும் உரசலைங்க. எதுக்குன்னு கேக்கலாம்ங்களா?”

அவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். அவரும் பார்த்தார். அடுத்த சக்கரத்தை எடுத்தார்.

எல்லாம் மாட்டி முடித்து, நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். அவன் பக்கத்து சீட்டில் ஏறப்போனான்.

“பழத்து மேல ஓட்டறவங்கதானுங்க ஏத்தோணும். அம்மிணியக் கூப்பிடுங்க.”

சுகந்தி வந்தாள். புதுச் சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

பைபாஸ்.

ஐம்பது. ஐம்பத்தைந்து.

அவள் கண் ரோட்டுக்கும் முள்ளுக்குமாக அலைந்தது. கை இரண்டும் இறுகியிருந்தன.

ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தொன்பது. முள் அங்கேயே நின்றது.

அடேயப்பா, என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பியதால்தான் அதைப் பார்த்தான்.

வழியில் ஒரு கல்லூரி வருவதற்கு முன்னால், சாலையோரம் புதிதாக ஒரு பலகை. வருகிற வண்டியின் வேகத்தைச் சிவப்பு விளக்கில் காட்டும் பலகை. டயரைப் பற்றி அத்தனை விசாரித்தவன் இதை நினைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் வேகம் 61.

அவள் பலகையைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். பிறகு அவனை.

அவனுக்குக் காது இரண்டும் சுட்டன.

இப்போது கால் எழும். வண்டி ஓரம் கட்டும். நாளைக்கே விற்றுவிடுவாள். இனி அவன் சொல்லும் எதையும் நம்பவும் மாட்டாள்.

பலகை பின்னால் போயிற்று.

வண்டியின் சத்தம் குறையவில்லை.

“அப்போ நான் தாண்டிட்டேனா?” என்றாள்.

 அவன் தலையை ஆட்டினான்.

 பிறகு அவளுடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு மெல்ல எழுந்தது.

பலமாகத்தான் கிள்ளினாள். அவன் தொடையை நகர்த்திக்கொள்ளவில்லை.