வட்டத்தில் கார்வரின் இடம்

இந்தப் படையில் ஒருவர் இடத்தை இன்னொருவர் நிரப்பவே முடியாது என்று காலை எட்டு மணிக்கு மேஜர் ஹோல்கம் பிரகடனம் செய்தார்.

எட்டே காலுக்குக் கார்வர் ஸ்வோபோடாவின் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது.

படை என்றால் எந்தப் போருக்கும் போகாத படை. முரசும் கொம்புமாக நூற்றைம்பது பேர். கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்தெழுந்து, கால்பந்து மைதானங்களில் வாசித்தபடியே நடந்து காட்டுகிற கூட்டம். மேஜர் பட்டமும் அந்த வகைதான். நாற்பது வருடத்துக்கு முன் இதே அணிக்கு ‘டிரம் மேஜராக’ முன்னால் நின்று கை ஆட்டி நடத்தியதில் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டாள்.

கார்வரின் இடது பாதத்தில் எலும்பு விரிசல். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இறுதிப்போட்டிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவனைத் தேற்றவில்லை. இருபத்திரண்டு வயது முடிந்தவர்களுக்கு இங்கே அடுத்த வருடம் என்பது கிடையாது.

மே மாதம் புதியவர்களை உட்காரவைத்து, சுற்றுப்பயணம் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். காதுமடல் வெந்து உரியும். காலுறை காயவே காயாது. மூன்றாம் வாரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் நான்கு தடவை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி என்பதை அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்கே தெரியாது.

இனெஸ் வந்து அவன் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயது. யாராவது விழுந்தால் அந்த இடத்தில் நிற்பதற்கென்று ஜூன் முதல் ஓரத்தில் காத்திருந்தவள். அவன் ஊதிவந்த ட்யூபா என்ற பெரிய கொம்பு அவள் மடி கொள்ளாமல் கன்றுக்குட்டி மாதிரி வழிந்து கிடந்தது.

அணி நடந்து நடந்து மைதானத்தில் வரைகிற வடிவங்களுக்குப் படங்கள் என்று பெயர்; ஆட்டத்தில் மொத்தம் எண்பத்திரண்டு. ஒவ்வொரு படத்திலும் மைதானத்தின் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை காலடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவரவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். கார்வரின் நோட்டு ஒரு கோடைக்கான வியர்வையைக் குடித்து, அவனைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாததாகிவிட்டிருந்தது. அவன் படித்தான், அவள் தன் நோட்டில் எழுதினாள்.

“பெருசு, மெதுவாச் சொல்லு. உன் வாய் ஓடுற வேகத்துக்கு என் கை ஓடாது.”

“கால் மணி நேரம்தான் குடுத்திருக்கார். எழுது.”

எழுதினாள். பிறகு, நிமிராமலே சொன்னாள்: “எனக்கு எடம் வேணும்னு கேட்டேன்தான். இப்படிக் கேக்கல.”

“தெரியும். எழுது.”

அறுபத்தொன்றாவது படம் வந்தது. நூற்றைம்பது பேரும் ஒரே பெரிய வட்டமாகச் சேருகிற இடம். சுவரொட்டியில் போட்டிருந்தது அதைத்தான். மேஜர் அதற்கு ‘நித்தியம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

நாற்பதாம் கோட்டுக்கு உள்ளே முக்கால் காலடி என்றிருந்தது நோட்டில்.

“நாப்பதாம் கோட்டுக்கு வெளியே,” என்றான் கார்வர். “முக்கால் காலடி.”

அவன் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிற மெரிடித் எப்போதும் கோணலாக நிற்பவள். வட்டத்தின் அந்தப் பகுதியைத் தாங்கிப் பிடித்திருந்ததே தான்தான் என்பது அவன் கணக்கு. இப்போது அது பார்க்கிறவர் கண்ணில் குத்துகிற மாதிரி நசுங்கும். கார்வர் இருந்தால் இப்படி ஆகுமா என்று யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கேட்டுவிட்டால் போதும். மதியத்துக்குள் அவனே இனெஸைக் கூப்பிட்டுத் திருத்திவிடுவான்.

‘வெளியே’ என்பதை அவள் இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டாள்.

அணி மைதானத்தில் இறங்கியது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. கார்வர் மடக்கு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ட்யூபாக்களின் நீண்ட தாழ்ந்த சுரம் எழுந்தது. அவன் நெஞ்சு பழக்கத்தில் தானாக மூச்சை இழுத்தது. ஊதுவதற்கு ஒன்றுமில்லாததால் அதை மெல்ல வெளியே விட்டான்.

வட்டம் சேர்ந்தது.

“நிறுத்து,” என்றார் மேஜர், பயிற்சியைப் பார்ப்பதற்கென்று ஓரத்தில் நிறுத்தியிருந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து. “ஒருத்தரும் அசையாதீங்க.”

கார்வர் காத்திருந்தான்.

“எல்லாரும் கீழே குனிஞ்சு, நிக்கிற எடத்தைப் பாத்துக்குங்க. மே மாசத்துலேருந்து தொண்டை கிழியக் கத்தறேன். மெரிடித், உன்னை வையாத நாளே கிடையாது. இன்னிக்குத்தாம்மா வட்டம் வட்டமா இருக்கு.”

“நான் எதையும் மாத்தலையே மேஜர்,” என்றாள் மெரிடித்.

“என்னத்தையோ. இதுல ஒரு மயிரிழை நகரக் கூடாது.”

மைதானம் முழுவதும் கைதட்டினார்கள். சமையல் வண்டியிலிருந்து யாரோ கரண்டியால் தட்டினார்கள். இனெஸ் ட்யூபாவை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, ஓரத்தில் இருந்த கார்வரைத் தேடிப் பிடித்து ஆட்டினாள்.

அவனும் ஆட்டினான்.

மே மாதம் பேருந்தில் நோட்டு எழுதும்போது அவன்தான் ‘வெளியே’ என்பதை ‘உள்ளே’ என்று எழுதிவிட்டிருந்தான்.