நான்காம் கூட்டத்து மஞ்சள்

“இதுதாம்மா மஞ்சள். இத்தனை நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?” என்று எய்னார் சுவரைக் காட்டிக் கேட்டபோதுதான் தோர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சுவரில் எந்த மஞ்சளையும் அடிக்கும்படி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வட நார்வேயின் அந்தச் சிறு துறைமுக ஊரில், சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறைக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதற்காகக் கூடிய நான்காவது கூட்டம் அது. அக்டோபரில் வெண்ணெய் நிறம், நவம்பரில் வைக்கோல் நிறம், டிசம்பரில் ஓட்ஸ் கஞ்சி நிறம் என்று உள் அலங்கார வடிவமைப்பாளரான தோர்டிஸ் கொண்டுவந்த எல்லாவற்றையும் குழு தள்ளிவிட்டது. இன்றும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை ஆஸ்லோக்காரர் ஒருவரிடம் கொடுத்து, சாம்பல் நிறத்தையே அடித்துவிடுவது என்று குழுத் தலைவர் எய்னார் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். சொந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அதோடு போய்விடும்.

காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று விளக்குகளைப் போட்டுக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மேசையில் பரப்பிய வண்ண அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு வரவேற்பறைப் பெண் ஒரு தட்டு நிறைய பன்களைக் கொண்டுவந்து வைத்து, ஊரே குன்றின்மேல் ஏறிவிட்டது, நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள். முதலில் மஞ்சள், அப்புறம்தான் பன் என்று எய்னார் அவளை அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தவர்தான் சுவரில் அந்தப் பட்டையைப் பார்த்தார்.

பழைய வெள்ளைச் சுவரில், ஒரு முழ அகலத்துக்கு, பார்த்தாலே குளிர் விட்டுப்போகிற மஞ்சள். பெயின்டர் ஓட்வார் தானாகவே எதையோ கலந்து அடித்துப் பார்த்திருக்கிறார் என்று தோர்டிஸ் முடிவுகட்டினாள். சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“என்னோட கலவைதான்,” என்றாள். “சரியா வர்றதுக்கே மூணு மாசம் ஆச்சு.”

எதிலும் ஒரு குறை கண்டால்தான் நிம்மதியடைகிற உறுப்பினர் குன்வோர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். “முதல்ல பார்க்கறப்போ கடிகாரத்துக்குக் கீழே இருந்துச்சு. இப்ப கதவுகிட்ட போயிருக்கே?”

நல்ல மஞ்சள் அப்படித்தான், கண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும் என்று தோர்டிஸ் விளக்கினாள். குன்வோர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எய்னார் எழுந்துபோய்ச் சுவரில் விரலை வைத்தார். விரலும் மஞ்சளாகிவிடவே, இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்று கையை வெடுக்கென்று எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்பு அரை நிமிடத்தில் முடிந்தது. அந்தக் குழு ஒரு விஷயத்தில் ஒருமனதாக வாக்களித்தது அதுதான் முதல் தடவை. தோர்டிஸின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எய்னார் பெயின்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஓட்வார் இரண்டு கையிலும் பெயின்ட் டப்பாக்களோடு வந்தார். தொப்பியில் பனி, தாடியில் பன் துகள். நாலு சுவருக்கும் இதே மஞ்சளைத்தான் அடிக்க வேண்டும், ஒரு இம்மிகூட மாறக்கூடாது என்று எய்னார் கண்டிப்பாகச் சொன்னார்.

ஓட்வார் சுவரைப் பார்த்தார். கதவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தார். தோர்டிஸையும் ஒரு தரம் பார்த்துவிட்டு டப்பாக்களைக் கீழே வைத்தார்.

“நான் இன்னும் மூடியே திறக்கலை,” என்றார். “நவம்பர்ல போன சூரியன் இன்னிக்குத்தான் வந்திருக்கு, திரும்பிப் பாருங்க.”