லீவுல போகக்கூடாதா?

"சுற்றுலாவுக்கு நாலு நாள் லீவா?" விண்ணப்பத்தைத் தலைமையாசிரியை ஒதுக்கிவைத்தார். "பாடம் நடக்கிறப்போ பிள்ளையக் கூட்டிட்டுப் போறதெல்லாம் சரிப்படாது."

"மூணு வருஷமா கடல் பாக்கணும்னு கேக்குறா மேடம்," என்றார் சிறுமியின் அப்பா.

"பரீட்சை லீவுல போங்களேன். நாங்க அப்படித்தான் போறோம்."

மேசையிலிருந்த படத்தைத் திருப்பிக் காட்டினார். முழங்காலளவு கடல்நீரில் அவர், கணவர், இரண்டு பிள்ளைகள்.

"லீவு விட்டாத்தான் மேடம், வெளியூர்ல எனக்கு வேலையே. ஒருநாள்கூட நகர முடியாது."

"அப்படி என்ன வேலை?"

அப்பா படத்தையே பார்த்தார்.

"சின்னவன் கண்ண மூடிட்டான்னு என்னை நாலு தடவ எடுக்கச் சொன்னீங்களே, இந்தப் படம்தான். நீங்க தங்கின கடற்கரை ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றது நான்தான்."

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு எம்பொண்ணுக்கும் லீவுதான் மேடம்."